ஆயாவின் பவுன் காசை எதில் வைப்பது?

கோலார் தங்கவயலில் பழைய தமிழ்க் குடும்பம் எதுவானாலும், இரும்புப் பெட்டியின் அடியைத் துழாவினால் சில காசுகள் அகப்படும். ஐந்தாம் ஜார்ஜ் தலை போட்ட வெள்ளி ரூபாய், யுத்த காலத்து ஓட்டைக் காலணா, கொஞ்சம் வசதியோடு இருந்த வீடென்றால் ஒன்றிரண்டு பவுன் காசு. சுருக்குப் பையிலோ, பவுடர் டப்பாவிலோ, மாத்திரைக் குப்பியிலோ அவை கிடக்கும். இத்தனை காலமும் அவற்றை எதில் வைப்பது என்று யாரும் மண்டையை உடைத்துக்கொண்டதில்லை. இப்போது அந்தக் கேள்வி வந்திருக்கிறது. பெங்களூரில் வேலை பார்க்கும் பேரப்பிள்ளைகள் நாணயக் கண்காட்சிக்குப் போய்வந்து, "ஸ்லாப் பண்ணினால்தான் மதிப்பு" என்கிறார்கள். பழைய சேகரிப்பாளர்களோ, ஆல்பத்தைப் புரட்டுகிற சுகம் வேறெதில் உண்டு என்கிறார்கள். நாணயச்சாலை கொடுத்த பெட்டியைப் பிரிக்கவே கூடாது என்கிற கட்சியும் இருக்கிறது. ரயில்வேயில் இருந்த காலந்தொட்டுக் காசு சேர்ப்பவன் என்பதால் இந்த வழக்கு என்னிடம் அடிக்கடி வருகிறது. நான் கண்டதையும் தெரிந்துகொண்டதையும் நம் வாசகர்களுக்கு எழுதி வைக்கலாம் என்று தோன்றியது.

ஸ்லாப் என்பது என்ன? அமெரிக்காவில் 1986-இல் பி.சி.ஜி.எஸ். என்ற நிறுவனமும், 1987-இல் என்.ஜி.சி. என்ற நிறுவனமும் தொடங்கப்பட்டன. கட்டணம் வாங்கிக்கொண்டு காசைப் பரிசோதிப்பார்கள். அசலா, போலியா என்று முதலில் பார்ப்பார்கள். பிறகு அதன் நிலைக்கு ஏற்ப 1 முதல் 70 வரை ஓர் எண் கொடுத்து, காசைக் கெட்டிப் பிளாஸ்டிக் கூட்டுக்குள் வைத்து ஓரத்தை உருக்கி ஒட்டிவிடுவார்கள். உள்ளே ஒரு சீட்டில் காசின் பெயர், ஆண்டு, எண் எல்லாம் அச்சாகியிருக்கும். கூட்டை உடைக்காமல் காசை வெளியே எடுக்க முடியாது. இந்த 70 எண் கணக்கு அந்த நிறுவனங்கள் கண்டுபிடித்ததல்ல. வில்லியம் ஷெல்டன் என்பவர் 1949-இல் அமெரிக்காவின் பழைய பெரிய செம்பு சென்ட் காசுகளுக்காக வகுத்தது. மிக மோசமான காசு 1 டாலர் என்றால் மிகச் சிறந்தது 70 டாலர் போகும் என்ற அன்றைய விலைக் கணக்குதான் அது. இன்று உலகம் முழுவதும் எந்தக் காசுக்கும் அதையே போடுகிறார்கள். 60-க்கு மேல் வந்தால் புழக்கத்துக்கே போகாத காசு என்று அர்த்தம்.

வேகன்களின் பக்கவாட்டில் பி.ஓ.எச். தேதி எழுதியிருப்பதை நம்மில் பலர் பார்த்திருப்போம். பணிமனையில் கழற்றிப் பூட்டிப் பரிசோதித்து அனுப்பிய தேதி அது. அந்தத் தேதியில் அந்தப் பரிசோதகர் கண்ணுக்குச் சரியாக இருந்தது, அவ்வளவுதான். ஸ்லாபில் உள்ள எண்ணையும் நான் அப்படித்தான் பார்க்கிறேன். அமெரிக்கச் சேகரிப்பாளர்களிலேயே பலர், போன தடவை 64 கொடுத்தார்கள், இந்தத் தடவை 65 கிடைக்கலாம் என்று கூட்டை உடைத்துத் திரும்பவும் அனுப்புகிறார்கள். இது அங்கே சகஜம். அளவுகோலே ஆளுக்கு ஆள் கொஞ்சம் நீண்டு சுருங்கும் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

ஆனாலும் ஸ்லாபை ஒரேயடியாகத் தள்ளிவிடவும் முடியாது. முக்கியமாகப் பவுன் காசு விஷயத்தில். பிரிட்டிஷ் சாவரின்தான் நம் வாயில் சவரன் ஆயிற்று. பவுண்டு என்பது பவுன் ஆயிற்று. நகைக் கடையில் இன்று 8 கிராமை ஒரு பவுன் என்கிறோமே, அது இந்தக் காசின் எடையைச் சற்று உருட்டிய கணக்கு. சரியான எடை 7.988 கிராம், 22 காரட், குறுக்களவு 22 மில்லிமீட்டருக்கு ஒரு நூல்தான் கூடுதல். உலகமெல்லாம் ஓடிய காசு என்பதால் போலியும் ஏராளம். யுத்தத்துக்குப் பிறகு பெய்ரூட்டிலும் இத்தாலியிலும் தங்கத்திலேயே போலி அடித்தார்கள். தங்கம் சரியாகவே இருக்கும், காசுதான் பொய்! அப்படிப்பட்டதைக் கண்டுபிடிக்கப் பழகிய கண் வேண்டும். அந்த இடத்தில் ஒரு நிறுவனம் பொறுப்பேற்றுச் சொல்கிறது என்பது வாங்குபவனுக்குத் தெம்புதான். ஆனால் இதிலும் ஒரு வேடிக்கை. ஸ்லாபுக்குள் போன காசை நாமே எடை போட முடியாது, காலிப்பர் வைத்து அளக்க முடியாது, விளிம்பைத் தடவிப் பார்க்க முடியாது. கூட்டையே போலியாகச் செய்கிறவர்களும் வந்துவிட்டார்கள். எனவே ஸ்லாபோடு வாங்குகிறவர்கள் அதிலுள்ள எண்ணை அந்த நிறுவனத்தின் இணையதளத்தில் போட்டுப் பார்த்து, அங்கே படம் இருந்தால் ஒப்பிட்டு, அதன் பிறகே பணம் எண்ண வேண்டும்.

நம் ஊர்ப் பவுன் காசுகளில் ஒன்றுக்குத் தனிக் கதை உண்டு. முதல் உலக யுத்தத்தின்போது லண்டனிலிருந்து காசு வரத்து தடைப்பட்டதால், பம்பாயில் ராயல் மின்டின் கிளை ஒன்றைத் திறந்தார்கள். லண்டனிலிருந்து அச்சு வந்து சேர்வதற்குள் அதே எடையில், அதே மாற்றில் 15 ரூபாய்த் தங்க மொகர் சுமார் 21 லட்சம் அடித்தார்கள். அச்சு வந்ததும் 1918 தேதியிட்ட சவரன் காசு ஏறக்குறைய 13 லட்சம் அடித்தார்கள். 1919-இல் அந்தக் கிளையை மூடிவிட்டார்கள். குதிரை மேல் ஜார்ஜ் முனிவர் டிராகனைக் குத்தும் பக்கத்தில், ஆண்டு எழுத்துக்கு நேர் மேலே தரையைக் குறிக்கும் கோட்டில் 'ஐ' என்ற ஆங்கில எழுத்து பொடியாக இருந்தால் அது பம்பாய்க் காசு. பூதக்கண்ணாடி வேண்டும். நம் பாட்டன்மார் சுரங்கத்தில் இறங்கி வெட்டிய தங்கம் அதில் எவ்வளவு கலந்தது என்பதைக் காசு சொல்லாது. உருக்கிய தங்கத்துக்கு ஊர்ப் பெயர் கிடையாது. என்றாலும், 120 ஆண்டுகளில் 800 டன்னுக்கு மேல் தங்கம் கொடுத்துவிட்டு 2001 பிப்ரவரி 28-இல் மூடப்பட்ட சுரங்கத்தின் பிள்ளைகளுக்கு அந்தக் காசின் மேல் ஒரு பாசம் இருப்பதில் வியப்பில்லை.

சாம்பியன் ரீஃப் பக்கம் எனக்குத் தெரிந்த ஒரு வீடு. பூர்வீகம் வட ஆற்காடு. தாத்தா சுரங்கத்தில் மரம் முட்டுக் கொடுக்கும் வேலை பார்த்தவர். அந்த ஆயாவுக்கு எண்பதுக்கு மேல் வயது. கழுத்தில் போடாமல் பெட்டியில் வைத்திருக்கும் காசுமாலையில் ஆறு பவுன் காசு. மகன்கள் மூன்று பேர், ஆளுக்கு இரண்டு என்று பிரிப்பதாகப் பேச்சு. மாரிக்குப்பத்திலிருந்து தினமும் விடியற்கால ரயிலில் பெங்களூர் போய்வரும் பேரன் மாலையை என்னிடம் கொண்டுவந்தான். "சார், இதை அமெரிக்காவுக்கு அனுப்பி ஸ்லாப் பண்ணிட்டா ஒவ்வொண்ணும் ரெண்டு மூணு மடங்கு போகுமாமே?" என்றான். காசு தேவைப்படும் வீடுதான். சுரங்கம் மூடியபின் இந்த ஊரில் எந்த வீட்டுக்குத்தான் தேவையில்லை? ஆகவே பையனைப் பேராசைக்காரன் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

விளக்கடியில் வைத்துப் பார்த்தோம். இரண்டு விக்டோரியா, மூன்று ஐந்தாம் ஜார்ஜ். அந்த மூன்றில் ஒன்று 1918 பம்பாய்க் காசு! பையனுக்கு முகமெல்லாம் மலர்ந்தது. ஆனால் ஆறு காசிலும் தலைக்கு மேலே வளையம் பற்றவைத்திருந்தது. அதுதான் விஷயம். பத்தர் வளையம் வைத்துப் பற்றவைத்த காசை, வளையத்தை எடுத்துவிட்டு அனுப்பினாலும், பற்றவைத்த தடம் பரிசோதகர் கண்ணுக்குத் தப்பாது. அவர்கள் அதற்கு எண் கொடுக்க மாட்டார்கள். அசல்தான், ஆனால் நகையில் இருந்து எடுத்தது என்று சீட்டில் எழுதி அனுப்புவார்கள். அப்படி எழுதிய காசுக்குத் தங்க விலைக்கு மேல் பெரிதாக எதுவும் கிடைக்காது. போகவர ஆன செலவு மட்டும் மிச்சம். தமிழ் வீடுகளில் உள்ள பவுன் காசில் பெரும்பகுதி இப்படித்தான். நாம் காசைக் காசாக வைத்ததில்லை, கழுத்தில் போட்டோம்.

ஆறாவது காசு கொஞ்சம் உறுத்தியது. எழுத்து மழுங்கல், குதிரைக் கால் தடிமன். மறுநாள் வீட்டுக்கே போய் ஆயாவிடம் கேட்டேன். "அது ராணி காசு இல்ல சாமி. ஒரு காசு தொலைஞ்சு போச்சு. மாலை மூளியா இருக்கேன்னு எங்க வீட்டுக்காரரு ஆண்டர்சன்பேட்டை பத்தரக்கிட்ட சொல்லி அதே மாதிரி அடிச்சுக் கொடுத்தாரு. பெரியவன் பொறந்த வருஷம்" என்றார். எந்த நிறுவனம் பார்த்தாலும் அந்தக் காசைப் போலி என்று ஒதுக்கும். அவர்கள் சொல்வதும் சரியே. ஆனால் அந்த மாலையில் கதை உள்ள காசு அது ஒன்றுதான். மூன்று மகன்களுக்கும் இந்தச் செய்தி அன்றுவரை தெரியாது. ஆளுக்கு இரண்டாகப் பிரித்திருந்தால் அது யார் பங்கில் விழுந்ததோ அவர் கடையில் போய் நின்று தெரிந்துகொண்டிருப்பார், அண்ணன் தம்பிக்குள் வழக்காகியிருக்கும்.

பேரனிடம் இன்னொன்றும் சொன்னேன். இது வெளிநாட்டில் பிள்ளைகள் உள்ள குடும்பங்கள் எல்லாம் அறிய வேண்டியது. 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள் மற்றும் கலைச் செல்வங்கள் சட்டப்படி, 100 ஆண்டுக்குக் குறையாத வயதுள்ள காசு தொல்பொருள். அதைத் தனியார் இந்தியாவை விட்டு வெளியே அனுப்ப அனுமதியில்லை. 1918 தேதியிட்ட காசு 2018-லேயே அந்தக் கணக்கில் வந்துவிட்டது. விக்டோரியா காசுகள் அதற்கு வெகுகாலம் முன்பே வந்துவிட்டன. தபாலில் அனுப்பினாலும், அமெரிக்காவிலிருந்து லீவில் வந்த மகன் சட்டைப்பையில் எடுத்துப் போனாலும் சட்டத்தின் கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. ஸ்லாப் செய்து தருகிறேன் என்று வாங்கிப்போகும் ஏஜென்டுகள் எல்லோரும் இதை வாய்திறந்து சொல்வதில்லை. நாம்தான் கேட்க வேண்டும். மண்ணைத் தோண்டும்போது கிடைத்த புதையல் காசென்றால் அதற்கு 1878-ஆம் ஆண்டுச் சட்டம் தனியே இருக்கிறது. கலெக்டரிடம் தெரிவிக்க வேண்டும்.

சரி, ஸ்லாப் இல்லையென்றால் ஆல்பம்தானே? இங்கேதான் நான் சேகரிப்பாளர்களோடு கொஞ்சம் சண்டை போடுவேன். ஆல்பத்தின் மகிமை எனக்குத் தெரியும். அமெரிக்காவில் 1930-களில், பஞ்ச காலத்தில், ஆண்டு வாரியாக ஓட்டை போட்ட அட்டையை மலிவு விலைக்கு விற்றார்கள். கையில் வரும் சில்லறையிலிருந்து பொறுக்கி ஓட்டையை நிரப்புவது வீட்டுக்கு வீடு விளையாட்டாயிற்று. அந்த நாட்டில் காசு சேர்க்கும் பழக்கம் பாமர மக்களிடம் பரவியது அதனால்தான். நம் பிள்ளைகளுக்கும் அது நல்ல பாடம். ஆண்டுக்குக் கீழே வைரக் குறி இருந்தால் மும்பை, நட்சத்திரம் ஹைதராபாத், புள்ளி நொய்டா, ஒன்றுமில்லாவிட்டால் கொல்கத்தா. ஒரே ஆண்டு ஒரு ரூபாயை நாலு நாணயச்சாலைக்கும் தேடிப் பிடிப்பதற்குள் பையன் ஒரு வருஷம் டி.வி.யை மறந்திருப்பான். இதற்கெல்லாம் ஸ்லாப் எதற்கு? கூட்டுக்கு ஆகும் செலவில் நூறு காசு வாங்கலாம்.

சண்டை ஆல்பத்தோடு அல்ல, அதன் பிளாஸ்டிக்கோடு. கடைகளில் கிடைக்கும் மலிவு ஆல்பங்கள் பலவற்றில் காசு வைக்கும் பை, மெத்தென்று மடங்கும் பி.வி.சி. தாளால் ஆனது. புது மழைக்கோட்டு வாசனை வந்தால் சந்தேகப்படுங்கள். அதை மெத்தென்று ஆக்கச் சேர்த்த எண்ணெய்ப் பொருள் நாளடைவில் கசிந்து காசின் மேல் படியும். பிளாஸ்டிக் சிதையும்போது வெளிவரும் அமிலம் செம்பைத் தின்னும். சில ஆண்டுகள் கழித்து எடுத்தால் பச்சையாக, பிசுபிசுவென்று ஒட்டும். வெள்ளி ரூபாயிலும் செம்புக் கலப்பு உண்டாகையால் அதற்கும் இது வரும்.

இதைக் கண்டுபிடிக்கச் சுலபமான சோதனை ஒன்று உண்டு. மேலுறை உரித்த செம்புக் கம்பி ஒரு சாண் எடுத்து, ஒரு முனையைக் குறட்டால் பிடித்துக்கொண்டு மறுமுனையை ஸ்பிரிட் விளக்கிலோ கேஸ் அடுப்பிலோ பழுக்கக் காய்ச்சுங்கள். சுடரில் பச்சை நிறம் எதுவும் வராத மட்டும் காய்ச்ச வேண்டும். பிறகு ஆல்பத்தின் ஓரத்தில் கத்தரித்த துண்டில் சூடாகத் தொட்டு, ஒட்டியதோடு மறுபடி சுடரில் காட்டுங்கள். பளிச்சென்று பச்சைச் சுடர் வந்தால் குளோரின் இருக்கிறது, பி.வி.சி.தான். ஜன்னலைத் திறந்து வைத்துச் செய்யுங்கள், அந்தப் புகை நல்லதல்ல. காசை எல்லாம் வெளியே எடுத்த பின் செய்யுங்கள் என்று தனியே சொல்ல வேண்டியதில்லை.

பச்சை ஏற்கெனவே பிடித்திருந்தால், ரசாயனக் கடையில் கலப்படமில்லாத அசிட்டோன் வாங்கி, கண்ணாடிக் கிண்ணத்தில் ஊற்றிக் காசை ஊறவிட்டு எடுக்கலாம். தேய்க்கக் கூடாது, அருகில் நெருப்பு கூடாது. நகப்பூச்சு அழிக்கும் திரவம் வேண்டாம், அதில் வாசனையும் எண்ணெயும் சேர்ந்திருக்கும். அடுத்து வைக்க வேண்டியது பாலியெஸ்டர் படலம் ஒட்டிய சதுர அட்டையில். ஸ்டேப்ளர் பின்னின் கால் காசில் உரசாமல் தட்டிவிட வேண்டும். அல்லது காசின் அளவுக்கு ஏற்ற கெட்டி உருண்டைக் கூடுகள் கிடைக்கின்றன. இருபுறமும் தெரியும், எப்போது வேண்டுமானாலும் திறக்கலாம். ஸ்லாப் தரும் பாதுகாப்பில் முக்கால்வாசி இதில் வந்துவிடுகிறது. ஸ்லாபும் காற்றே புகாத பெட்டகமல்ல. ரப்பர் பேண்டு போட்டுக் கட்டுவதும் செய்தித்தாளில் மடித்து வைப்பதும் வெள்ளிக்கு ஆகாது, கறுத்துப்போகும்.

கழுவுவதைப் பற்றி ஒரு வார்த்தை. ஒரு வார்த்தை போதாது, ஆனால் நம் தாய்மார்கள் கோபித்துக்கொள்ளக் கூடாது. ஆயுத பூஜைக்கும் பொங்கலுக்கும் பித்தளைக் குத்துவிளக்கோடு சேர்த்து வெள்ளி ரூபாயையும் விபூதி போட்டுத் தேய்ப்பதும், செம்புக் காசைப் புளி போட்டுத் துலக்குவதும் நம் வீடுகளில் பக்தியின் பகுதி. சாமிக்கு முன் வைக்கும் காசு பளபளக்கட்டும், அதில் குற்றமில்லை. ஆனால் விற்பதாகவோ பிள்ளைகளுக்குச் சேகரிப்பாகக் கொடுப்பதாகவோ இருந்தால் அந்தக் காசைத் தனியே எடுத்து வையுங்கள். தேய்த்த காசின் மேல் மயிரிழைக் கீறல்கள் விழுந்துவிடும். எந்த ஸ்லாப் நிறுவனமும் அதற்கு எண் கொடுக்காது, எந்த வியாபாரியும் நல்ல விலை சொல்ல மாட்டான். கறுப்பேறிய வெள்ளியை அப்படியே விடுவதுதான் அதற்குச் செய்யும் மரியாதை.

மூன்றாவது கட்சி, அசல் பெட்டிக் கட்சி. நினைவுக் காசுகளில் நான் இவர்கள் பக்கம். 1995-இல் தஞ்சாவூரில் எட்டாம் உலகத் தமிழ் மாநாடு நடந்தபோது திருவள்ளுவர் உருவம் போட்டுக் காசு வந்தது. 2003-இல் காமராசர் காசு, 2009-இல் அண்ணாவின் தமிழ்க் கையெழுத்தோடு 5 ரூபாய், 2010-இல் தஞ்சைப் பெரிய கோயிலின் ஆயிரமாண்டு நிறைவுக்காக இந்தியாவின் முதல் 1000 ரூபாய்க் காசு. அந்த 1000 ரூபாய் 35 கிராம் எடை, நூற்றுக்கு 80 வெள்ளி. 2016-இல் எம்.எஸ். சுப்புலட்சுமி, 2017-இல் எம்.ஜி.ஆர்., 2024-இல் கலைஞர் என்று வரிசை நீள்கிறது. தமிழ் நாட்டை விட்டு வெளியே வாழும் நம் வீடுகளில் இவற்றில் ஒன்றாவது இருப்பது நல்லது என்பது என் கட்சி. புழக்கத்துக்கு வந்தவை வேறு. சேகரிப்போருக்கென்று நாணயச்சாலை பெட்டியில் வைத்து விற்றவை வேறு. பின்னதை அமெரிக்கப் பாணியில் பெட்டியிலிருந்து பிடுங்கி ஸ்லாபில் அடைத்து, 69 வந்தது, 70 வந்தது என்று மார்தட்டுவதை என்னால் ரசிக்க முடியவில்லை. இந்தியச் சேகரிப்பாளர்களில் பெரும்பாலோர் பெட்டியும் அட்டையும் சேர்ந்தே இருக்கிறதா என்றுதான் முதலில் கேட்கிறார்கள். பெட்டியைத் தொலைத்துவிட்டால் காசு மட்டும் பாதிச் சாட்சிதான்.

ஆனால் பெட்டியில் வைத்துவிட்டோம் என்று இருபது வருஷம் திறந்தே பார்க்காமலும் இருக்கக் கூடாது. உள்ளே பதித்த பஞ்சு, துணி, ஒட்டுப் பசை எல்லாம் ஈரத்தில் வேலை செய்யும். நம் ஊர் மேட்டுநிலம், காற்று வறட்சி. சென்னையில் கடலோரம் குடியேறிவிட்ட பிள்ளைகளிடம் கொடுத்தனுப்பினால் மருந்துப் புட்டியில் வரும் சிலிகா ஜெல் பொட்டலம் இரண்டு சேர்த்துக் கொடுங்கள். வருஷத்துக்கு ஒருமுறை மாற்றச் சொல்லுங்கள். காசை எடுப்பதானால் விளிம்பைப் பிடித்து எடுக்க வேண்டும், முகத்தில் விரல் வைக்கக் கூடாது.

சாம்பியன் ரீஃப் ஆயாவின் மாலையைப் பிரிக்கவில்லை. மூன்று மகன்களும் கூடிப் பேசி, பேத்தி கல்யாணம்வரை அப்படியே இருக்கட்டும் என்று முடிவு செய்தார்கள். பேரனுக்கு முதலில் ஏமாற்றம்தான். பிறகு அவனே ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கிவந்து, ஒவ்வொரு காசின் இருபுறத்தையும் போட்டோ எடுத்து ஒட்டி, ஆண்டு, ராஜாவா ராணியா, வளையம் எங்கே, எப்போது வாங்கியது என்று ஆயாவைக் கேட்டுக் கேட்டு எழுதினான். ஆறாவது காசுக்கு ஒரு முழுப் பக்கம் ஆயிற்று.

நம் வாசகர்களும் தங்கள் வீட்டுக் காசுக்கு இப்படி ஒரு சீட்டு எழுதலாம். அமிலமில்லாத தாளில், பென்சிலால் எழுதினால் மை ஊறிக் காசில் படியாது. சீட்டைக் காசோடு ஒட்டாமல் அட்டையின் வெளிப்புறத்தில் வைக்கவும். வீட்டில் வயதானவர் இருந்தால் இந்தப் பொங்கல் விடுமுறையிலேயே கேட்டு எழுதிவிடவும்.